தீனதயாளன் வீட்டுக் குழி விசாரணை

நான் தீனதயாளன் வீட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, அவர் தன் நாய்க்கு மெமோ கொடுத்துக்கொண்டிருந்தார்.

தென்னை மரத்தில் நாயைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். அதற்கு எதிரே, வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக ஒருவர் நின்று, கையில் இருந்த தாளைச் சத்தமாக வாசித்தார்.

"நேற்றுப் பகல் பதினொன்றரை மணிக்கும் பன்னிரண்டே காலுக்கும் இடைப்பட்ட நேரத்தில், துணி துவைக்கும் கல்லுக்குத் தெற்கே மூன்றடி தள்ளி, இரண்டடி நீளமும் ஒன்றேகால் அடி ஆழமும் கொண்ட குழி ஒன்றை முன் அனுமதி பெறாமல் தோண்டியுள்ளீர்கள். இது குறித்துப் பத்து நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்."

நாய் கொட்டாவி விட்டது. அவர் அதையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"யாருங்க?"

"ராமாயிங்க. அம்மாவப் பாத்துக்கறதுக்கு அனுப்பி வெச்சாங்க."

"வாங்க சிஸ்டர். மெமோவ வாசிச்சுக் காட்டினதுக்கு ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும். இங்க போடுங்க."

போட்டேன். வந்த வீட்டில் முதல் நாளே வாக்குவாதம் எதற்கு? முப்பது வருடமாக வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவள் நான். நோயாளி ஒருவராக இருப்பார். கவனிக்க வேண்டியவர் இன்னொருவராக இருப்பார். அது பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வீடு சூரமங்கலத்தில், ரயில்வே ஜங்ஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தது. முன்னால் போர்ட்டிகோ, சுற்றிலும் மண் தரை, இரண்டு தென்னை, ஒரு கொய்யா. அந்த மண் தரையில் அன்று பதினொரு குழிகள் திறந்து கிடந்தன. மூடிய குழிகள் வேறு.

என் நோயாளி அவருடைய மனைவி பெரியநாயகி. அறுபத்தாறு வயது. சித்திரையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடந்தால் போதாது, வெளியே போர்ட்டிகோவிலிருந்து கேட் வரை தினமும் நாலு நடை நடக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அந்த வழியில் மட்டும் ஏழு குழிகள். வாக்கரின் ஒரு கால் குழிக்குள் இறங்கினால் அம்மா விழுவார். இந்த வயதில் அதே இடம் இரண்டாம் முறை முறிந்தால் பலர் கட்டிலைவிட்டு எழுவதில்லை. அப்படிப் பலரை நான் குளிப்பாட்டியிருக்கிறேன்.

மகள் ரஞ்சனிக்கும் இது தெரியும். அவள் பள்ளிபாளையத்தில் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தில் மேலாளர். அன்று சாயங்காலமே போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா, ஆடிப் பதினெட்டுக்கு வரேன். வெள்ளியங்கிரி அண்ணனும் பிக்கப் வண்டியோட வராரு. அன்னைக்கு வாசல்ல நாய் தோண்டின ஒரே ஒரு குழி இருந்தாலும் சரி, நாய் வண்டியில ஏறிடும். அம்மா நடக்கணுமா, உங்க நாய் தோண்டணுமா?"

வெள்ளியங்கிரி அவள் கணவரின் நண்பர். நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். அங்கே போனால் தீவன குடோன் வாசலில் ஆறடிச் சங்கிலியில் அந்த நாயின் மிச்ச வாழ்நாள் கழியும். தீனதயாளனுக்கு நாயை அனுப்ப மனமில்லை. அதை அவர் அப்படியே சொல்லிவிடவில்லை.

"விசாரணை முடியாம யாரையும் வெளிய அனுப்ப முடியாதும்மா. அது சட்டம்" என்றார்.

"எந்தச் சட்டம்ப்பா?"

"பொதுவான சட்டம்."

தீனதயாளனை விளங்கிக்கொள்ள அவர் செய்த உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். அம்மாபேட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் தம்பி மூவரும் ஜவுளி வியாபாரத்துக்குப் போனார்கள். அவர்கள் பேசிப் பேசி விற்பவர்கள். இவருக்குப் பேச்சு வராது, எழுத்துத்தான் வரும். பரீட்சை எழுதி ரயில்வேயில் கிளார்க்காகச் சேர்ந்தார். முப்பத்தேழு வருடமும் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு. வேலைக்கு வராதவர், தூங்கியவர், குடித்துவிட்டு வந்தவர், மேலதிகாரியைத் திட்டியவர் ஆகியோருக்கெல்லாம் மெமோ அடித்து, விளக்கம் வாங்கி, விசாரணைக்குத் தேதி போட்டு, கோப்பு கட்டுவது வேலை. தன் வாழ்நாளில் ஒருவரையும் கேட்காமல் தண்டித்ததில்லை என்பது அவருடைய பெருமை. ஒரு காற்புள்ளி தப்பாக இருந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். அதனால் சிலருக்கு வேலை தப்பியது. ஓய்வு பெற்ற நாளில் தண்டவாளம் பார்க்கிற தொழிலாளி ஒருவர் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து காலில் விழுந்தாராம். எந்த வழக்கு என்று இவருக்கு நினைவில்லை. கோப்பு எண்ணைக் கேட்டிருக்கிறார்.

கல்யாணமான புதிதில் பெரியநாயகியோடு ஒரு மனத்தாங்கல். இவர் ஒரு முழுத்தாளில் நடந்ததை எல்லாம் வரிசையாக எழுதி, அடியில் 'விளக்கம் தேவை' என்று போட்டு, சமையலறை மேடையில் வைத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டார். சாயங்காலம் அதே தாளின் பின்பக்கத்தில் பதில் இருந்தது: 'விளக்கம் கிடையாது. பசித்தால் சாப்பிடவும்.' அந்தத் தாளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார். பெரியநாயகிதான் காட்டினார்.

நாய்க்கு டர்போ என்று பெயர். மகன் சித்தார்த் பெங்களூரில் வாங்கியது. பெல்ஜியன் மலினாய் என்ற ஜாதி. போலீஸிலும் ராணுவத்திலும் வேலைக்கு வைத்திருக்கிறார்களே, அது. மெல்லிய உடம்பு, கறுத்த மூஞ்சி, நிமிர்ந்த காது. ஒரு நாளைக்கு மூன்று ஆள் வேலையைச் செய்யக் கூடிய நாய். அதை வாங்கி ஆறாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீட்டில் பூட்டிவிட்டு ஆபீஸ் போனான் மகன். அது சோபாவைத் தின்றது, கதவின் கீழ்ப்பாதியைத் தின்றது, பக்கத்து வீட்டாரின் பொறுமையையும் தின்றது. மாசி மாதம் காரில் கொண்டுவந்து அப்பாவிடம் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

இங்கே அதற்கு மண் கிடைத்தது. தோண்டத் தொடங்கியது.

மற்ற வீட்டில் இதற்கு ஒரு குச்சியை எடுத்திருப்பார்கள். தீனதயாளன் இஞ்ச் டேப்பை எடுத்தார். நீளமான ரிஜிஸ்டர் ஒன்று போட்டு, குழியின் தேதி, நேரம், இடம், நீளம், அகலம், ஆழம் என்று கட்டம் கட்டி எழுதினார். கடைசிக் கட்டம் 'காரணம்'. அது பெரும்பாலும் காலி.

மூன்று மாதம் பொறுத்துவிட்டு, வைகாசி நடுவில் நாயை சஸ்பெண்ட் செய்தார். விசாரணை முடியும் வரை வேலையிலிருந்து நிறுத்திவைப்பது. வேலை என்று அதற்கு இருந்ததெல்லாம் காலையும் மாலையும் இவரோடு ஜங்ஷன் வரை நடந்துவிட்டு வருவதுதான். அது நின்றது. சஸ்பென்ஷனில் இருப்பவர் தலைமையிடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்பதால் கேட்டைத் தாண்டவும் தடை; நடை போகிற நேரங்களில் தென்னையில் சங்கிலி. சஸ்பென்ஷனில் இருப்பவருக்குப் பாதிச் சம்பளம்தான் பிழைப்பூதியம் என்பதால் ஆறு சப்பாத்தி மூன்றாயிற்று.

இதை அவர் கொடுமையாகச் செய்யவில்லை. வருத்தத்தோடுதான் செய்தார். சப்பாத்தியை வைக்கும்போது, "இது தண்டனை இல்ல. தற்காலிக ஏற்பாடு" என்று நாயிடம் சொல்வதை நானே கேட்டேன். பெங்களூரில் அதற்கு இங்கிலீஷில் பழக்கியிருந்ததால் இங்கிலீஷிலும் ஒரு முறை சொன்னார்.

நான் வந்த இரண்டாம் நாள் மெமோவைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாக நாயின் காலை ஸ்டாம்ப் பேடில் அழுத்தினார். நாய் ஸ்டாம்ப் பேடைத் தின்றுவிட்டது. இரண்டு நாள் நாக்கு நீலமாக இருந்தது. வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழிவையும் பார்த்தேன், அதுவும் நீலம்.

"சார், ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றேன்.

"எழுத்துமூலமா தரலாம்."

"எனக்கு நின்ன வாக்குலயே சொல்லத்தான் வருமுங்க. நான் ஒரு பெரியவரப் பாத்துக்கிட்டிருந்தேன். மறதிக்காரரு. பகல் பூராம் போர்வையக் கிழிப்பாரு, மெத்தையப் பிச்சு பஞ்செடுப்பாரு. மக கையக் கட்டிப் போட்டா. அப்புறம் பல்லால கிழிச்சாரு. அவரு அந்தக் காலத்துல பருத்தி யாவாரி. ஒரு கூடப் பஞ்சக் குடுத்துக் கொட்ட பிரிக்கச் சொன்னேன். மெத்தையத் தொடவே இல்ல. இதுவும் அதே கதைதானுங்க. கெட்ட நாயில்ல. வேலையில்லாத நாய்."

"இருக்கலாம் சிஸ்டர். ஆனா விசாரணை நிலுவைல இருக்கறப்ப வேலை குடுக்க முடியாது."

"விசாரணைய எப்ப முடிப்பீங்க?"

"அவருக்கு ஆதரவா வாதாட ஒரு உதவியாளர் வேணும். அவரே தேர்ந்தெடுக்கணும். அது அவரோட உரிமை."

மறுநாள் காலை என்னையும் பக்கத்து வீட்டு வித்யாவையும் தென்னைக்கு முன்னால் நிறுத்தினார். மகன் சித்தார்த் வீடியோ காலில் இருந்தான். நாய் என்னிடம் வந்தது. என் கையில் அம்மாவுக்கு அவித்த முட்டை இருந்தது. அதைச் சொல்லித் தேர்வை ரத்து செய்ய எனக்கு விருப்பமில்லை. அன்று முதல் நான் நாயின் உதவியாளர்.

உதவியாளருக்கு ஆவணங்களைப் பார்க்கும் உரிமை உண்டாம். ரிஜிஸ்டரைக் கொடுங்கள் என்றேன். அம்மா மதியம் தூங்குகிற நேரத்தில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். இவ்வளவு சுத்தமான நோயாளிக் குறிப்பை எந்த ஆஸ்பத்திரியிலும் நான் பார்த்ததில்லை. பத்துக் குழியில் ஏழு, பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் தோண்டியவை. எல்லாம் தண்ணீர்த் தொட்டி, குழாயடி, துவைக்கும் கல் பக்கம். அதாவது வெயில் தாங்காமல் குளிர்ந்த மண்ணைத் தேடிப் படுக்கத் தோண்டியது. சுவரோரக் குழிகள் நீளமாக, குறுகலாக இருந்தன. அங்கே பெருச்சாளி வளை. மீதியெல்லாம் சங்கிலி எட்டுகிற வட்டத்துக்குள், ஒழுங்கில்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக. அவை சும்மா இருக்க முடியாமல் தோண்டியவை. அவர் காலியாக விட்ட 'காரணம்' கட்டத்தை அவருடைய மற்றக் கட்டங்களே நிரப்பிவிட்டன. நிரப்பியதை அவர் படிக்கவில்லை. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படிப்பதில்லை.

விசாரணை ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, போர்ட்டிகோவில் நடந்தது. விசாரணை அதிகாரி குமாரசாமி. ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், தீனதயாளனின் நாற்பது வருட நண்பர். சட்டைக்கு இஸ்திரி போட்டு, தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரா?"

"ஆஜர். சங்கிலியக் கடிச்சிட்டு இருக்கார்" என்றார் தீனதயாளன்.

"குற்றத்த ஒத்துக்கறாரா?"

நாய் வாலை ஆட்டியது.

"வால ஆட்டினா ஒத்துக்கறதா, மறுக்கறதா? தெளிவா எழுதணும் தீனா. நாளைக்கு அப்பீல் போனா நான் பதில் சொல்ல முடியாது."

"விசாரணைக்கு ஒத்துழைக்கறார்னு எழுதுங்க."

முதல் சாட்சி பெரியநாயகி. நாற்காலியில் தலையணை வைத்து உட்காரவைத்திருந்தேன்.

"குழி தோண்டினத நேர்ல பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன். ரெண்டு மாசமா ஜன்னலோரக் கட்டில்ல கிடக்கேன். வேற என்னத்தப் பாக்கறது?"

"எதனால தோண்டுதுன்னு நினைக்கறீங்க?"

"வேலவெட்டி இல்லாம. உங்க ஃப்ரெண்டு ரிட்டயராகி வந்த மொத மாசம் வீட்டுல இருக்கற அத்தன ஸ்விட்சையும் கழட்டிக் கழட்டி மாட்டினாரு. ஃப்ரிட்ஜு புகஞ்சு போச்சு. நான் மெமோ குடுத்தனா? சோத்தப் பாதியாக் கொறச்சனா?"

"அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது" என்றார் தீனதயாளன். காது சிவந்துவிட்டது.

"சம்பந்தம் இருக்கு. எழுதிக்குங்கண்ணா."

குமாரசாமி எழுதிக்கொண்டார். சந்தோஷமாகவே எழுதிக்கொண்டார் என்று தோன்றியது.

பிறகு என் முறை. நான் ரிஜிஸ்டரைத் தூக்கிப் பிடித்தேன்.

"சார், இது உங்க கையெழுத்துத்தானுங்களே? மாசிலருந்து வைகாசி பாதி வரைக்கும், மூணு மாசத்துல எத்தன குழி?"

"இருபத்துமூணு."

"சஸ்பெண்ட் பண்ணி ஆறு வாரம். இந்த ஆறு வாரத்துல?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அம்பத்தொண்ணு."

"நடக்க வுடாம, பாதி வயிறாக் கட்டிப் போட்ட பொறவுதானுங்க அம்பத்தொண்ணு. இன்னொண்ணு கேக்கறேன். இந்த வீட்டுல என்ன வேல செய்யணும், எங்க தோண்டலாம், எங்க தோண்டக் கூடாதுன்னு அதுக்குப் பணிப்பட்டியல் எதாச்சும் குடுத்தீங்களா?"

தீனதயாளன் நாயைப் பார்த்தார். 

"குடுக்கல" என்றார் தீனதயாளன்.

"தீனா," என்றார் குமாரசாமி, "பணிப்பட்டியல் இல்லாம குற்றச்சாட்டு நிக்காதுன்னு நீதானே தண்டவாளம் மாத்தி விடற என்னோட பாயின்ட்ஸ்மேன் கேஸத் திருப்பி அனுப்பின? தொண்ணூத்தெட்டுல?"

"தொண்ணூத்தேழு."

அவர் எழுந்து போய் நாயின் சங்கிலியைக் கழற்றினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அன்று மதியம் ஆறு சப்பாத்தி வைத்தார். நிலுவைக்கு மேலும் இரண்டு வைத்தார். நாய் வாந்தி எடுத்தது. நான்தான் துடைத்தேன்.

ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பதால், ஆனி கடைசி நாள் சாயங்காலமே பணிப்பட்டியல் அமலுக்கு வந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். காலை ஐந்து பத்துக்கு, சைக்கிளோடு ஜங்ஷனைச் சுற்றி நாலு கிலோமீட்டர் ஓட்டம். ஆறு மணிக்குத் தோண்டும் பணி. பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை வீட்டுக்குள் ஈரச் சாக்கில் ஓய்வு. நாலு மணிக்கு ஒளித்துவைத்த தேங்காய் மட்டைகளை மோப்பம் பிடித்து எடுத்துவரும் பணி. மறுபடி ஓட்டம். கடிக்க வேண்டுமென்றால் மட்டை. வேறு எதுவும் கூடாது.

தோண்டும் பணிக்குக் கொல்லையில் மோட்டார் ரூம் நிழலில் ஆறடிக்கு நாலடி இடம் ஒதுக்கி, ஹாலோ பிளாக் கல்லை வரம்பாக வைத்து மணல் கொட்டினோம். தோண்டுகிற நாயைத் தோண்டாதே என்று பழக்குவது மூச்சு விடாதே என்று பழக்குவது மாதிரி. இங்கே தோண்டு என்று பழக்கலாம். மணலை ஈரப்படுத்தி உள்ளே அவித்த முட்டை, வறுக்காத கடலை கட்டிய துணி, மட்டைத் துண்டு ஆகியவற்றைப் புதைத்தேன். பழைய குழிகளைக் கல் போட்டு மூடி, மேலாக அதன் கழிவையே ஒரு கரண்டி போட்டு மண் தள்ளச் சொன்னேன். தன் கழிவு இருக்கிற இடத்தை நாய் தோண்டாது. தீனதயாளன் கரண்டியைப் பிடித்தார், ஆனால் கோப்பில் அந்த வார்த்தையை எழுத அவர் கை வரவில்லை. 'மேற்படி பொருள்' என்று எழுதினார். எதன் மேற்படி என்று யாருக்கும் தெரியாது.

முதல் மூன்று நாள் நாய் மணலைத் தொடவில்லை. கல்வரம்புக்கு வெளியே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தது. அனுமதி வந்த பிறகு சுவாரசியம் போய்விட்டதோ என்னவோ.

"நீங்க தோண்டிக் காட்டணுமுங்க சார்" என்றேன்.

"நானா? மம்பட்டியாலயா?"

"கையாலதானுங்க. அதுக்கிட்ட மம்பட்டி இல்லியே."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் முட்டி போட்டார். இரண்டு கையாலும் பறித்துக் காலுக்கு நடுவே பின்னால் தள்ளினார். முதலில் தயங்கித் தயங்கி. பிறகு வேகம் பிடித்துவிட்டது. மதில்மேல் வித்யாவின் தலை தெரிந்தது.

"சார், என்ன தேடறீங்க? மோதிரமா?"

"முட்டை."

வித்யா மதிலில் இன்னும் கொஞ்சம் எம்பினாள். "கோழி போடுற முட்டையா சார்?"

அதற்குள் முட்டை அவர் கையில் அகப்பட்டுவிட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. ஒரு நிமிடம் அதைத் தானே தின்றுவிடுவாரோ என்று நினைத்தேன். நாய் வரம்பைத் தாண்டிக் குதித்தது. அன்று ஆறரை வரைக்கும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் தோண்டினார்கள்.

அதற்குப் பிறகு ரிஜிஸ்டர் மெலிந்தது. அந்த வாரம் வாசல் பக்கம் ஐந்து குழி. மறு வாரம் ஒன்று. ஆறாம் நாள் வாக்கரின் ரப்பர் பூண் இரண்டைத் தின்றுவிட்டது. வாக்கரை வெளியே விட்டது என் தவறு, அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன். புதுப் பூண் வாங்கிப் போட்டோம். தோண்டி முடித்த பிறகு திட்டிப் பயனில்லை, தோண்டப் போகும்போது அழைத்துக்கொண்டு மணலுக்குப் போக வேண்டும் என்பதைத் தீனதயாளனுக்குப் புரியவைக்கத்தான் அதிக நாள் பிடித்தது. நாய் சீக்கிரம் புரிந்துகொண்டது.

ஆடிப் பதினெட்டு காலை, வாசல் தரை பலகை மாதிரி மட்டமாக இருந்தது. நான் உள்ளே எலுமிச்சைச் சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குப் பிக்கப் வண்டிச் சத்தம். கேட் திறந்தது. உடனே ரஞ்சனியின் குரல்.

"அப்பா! இது என்ன?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். கேட்டுக்கு உள்ளே மூன்றடியில், அம்மா நடக்கிற வழியின் நட்டநடுவில் ஒரு குழி. ஒன்றரை அடி ஆழம். காலையில் இல்லாத குழி.

ரஞ்சனி இடுப்பில் கை வைத்து நின்றாள். பின்னால் வெள்ளியங்கிரி, கையில் புதுச் சங்கிலியோடு. நாய் கொல்லையிலிருந்து வந்து இருவரையும் மோந்து பார்த்துவிட்டு, குழியையும் மோந்து பார்த்தது. பார்க்கிறவர்களுக்கு அது நல்லதாகப் படவில்லை.

தீனதயாளன் வீட்டுக்குள்ளிருந்து ஒரு வாளியில் சிமெண்டுக் கலவையோடு வந்தார். மகளைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"அது நான் தோண்டினதும்மா."

"நாய்க்காகப் பொய் சொல்லாதீங்கப்பா. உங்க வயசுக்கு நல்லா இல்ல."

"பொய் இல்ல. போர்டு நடறதுக்குத் தோண்டினேன். பணிப்பட்டியல் போர்டு. நீ உள்ள வந்ததும் கண்ணுல படணும்னு."

"அம்மா நடக்கற வழியிலயா?"

முப்பத்தேழு வருடம் மற்றவர்களிடம் விளக்கம் கேட்டவர். தன்னிடம் ஒருவர் கேட்டபோது பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். ரஞ்சனி நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அண்ணா, சங்கிலியப் போடுங்க" என்றாள்.

வெள்ளியங்கிரி நாயின் பக்கம் போகவில்லை. குழியின் பக்கம் குந்தினார். விவசாயம் பார்த்த கை. ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"அம்மிணி, இது கடப்பாரக் குழியாட்ட இருக்குதே."

"அண்ணா, நீங்களுமா?"

"இல்ல சாமி, இங்க பாரு. நாலு மூலையும் மட்டமா இருக்குது. மண்ண நாலு பக்கமும் பிரிச்சுக் குமிச்சிருக்குது. நாயி தோண்டுனா மண்ணு பூராம் ஒரே பக்கம், பின்னாலதான் போயி வுழுகும். எந்த நாயி மூல மட்டம் பாத்துத் தோண்டுது?"

தீனதயாளன் உள்ளே ஓடி ரிஜிஸ்டரையும் டேப்பையும் கொண்டுவந்தார். எழுபதுக்கு மேற்பட்ட நாய்க் குழிகளின் அளவு அதில் இருந்தது, ஒன்றுகூடச் சதுரமில்லை. ரஞ்சனி மூன்று பக்கம் புரட்டினாள். பிறகு மூடிவிட்டாள். சிரிப்பை அடக்குகிறாளா கோபத்தை அடக்குகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

போர்ட்டிகோவிலிருந்து பெரியநாயகியின் குரல் வந்தது. "வண்டி இவ்வளவு தூரம் வந்தாச்சு. தோண்டினவங்கள ஏத்திவிடறதுதானே பேச்சு? இவரக் கூட்டிட்டுப் போங்க வெள்ளியங்கிரி."

எல்லோரும் சிரித்தார்கள், வெள்ளியங்கிரியைத் தவிர. அவர் மதிலில் சாய்ந்திருந்த பணிப்பட்டியல் போர்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சாரு, இது நெசமாவே வேல செய்யுதுங்களா?"

"பதினெட்டு நாள் புள்ளிவிவரம் இருக்கு."

"நம்ம பண்ணையில அஞ்சு நாயிங்க. செத்த கோழியப் பொதைக்கற குழிய நெதமும் தோண்டி இழுத்துப் போட்டுருதுங்க. கட்டிப் பாத்தேன், அடிச்சுப் பாத்தேன். ஒரு நாலு நாளு நம்ம ஊட்டுல வந்து தங்கி இதாட்ட ஒரு பட்டியலு எழுதிக் குடுங்களேன். அம்மா சொல்றாங்கன்னு இல்லீங்க. மெய்யாலுமே கேக்கறேன்."

முதலில் குழியை மூடுங்கள் என்று தீனதயாளனிடம் சொன்னேன். மூடி, மிதித்து, தண்ணீர் தெளித்து, மறுபடி மிதித்தார். பெரியநாயகி வாக்கரோடு போர்ட்டிகோவிலிருந்து இறங்கினார். நான் பக்கத்தில்; தாங்கவில்லை, தாங்கத் தயாராக மட்டும். கேட் வரை போய்த் திரும்பினார். இரண்டாவது நடை. மூன்றாவது. நாலாவதில் மூடிய குழியின் மேல் வாக்கரை வேண்டுமென்றே இரண்டு தட்டுத் தட்டினார். மண் இறங்கவில்லை. அந்த நேரம் முழுக்க நாய் கொல்லையில் மணலில் வயிற்றைப் போட்டுக் கிடந்தது.

ரஞ்சனி சொன்ன நிபந்தனை நாய் தோண்டின குழியைப் பற்றியது. அவளும் தீனதயாளனின் மகள்தான். தன் வார்த்தையை மாற்றவில்லை. "சரி, இருக்கட்டும்" என்றாள்.

மதியம் மூன்று வகைச் சாதம் சாப்பிட்டுவிட்டுத் தீனதயாளன் பிக்கப்பின் முன் சீட்டில் ஏறினார். மடியில் புது ரிஜிஸ்டர், இஞ்ச் டேப். அஞ்சு நாய்க்கும் தனித்தனிக் கோப்பா, சேர்த்து ஒன்றா என்று வெள்ளியங்கிரியிடம் கேட்டுக்கொண்டே போனார்.

வண்டி திரும்பிய பிறகுதான் காலை ஐந்து பத்து ஓட்டத்துக்கு ஆள் யார் என்ற கேள்வி எழுந்தது. எனக்கு அறுபத்தெட்டு வயது. ரஞ்சனி நாலு நாள் லீவு சொன்னாள்.

மறுநாள் காலை அவள் சைக்கிளை மிதிக்கவில்லை. நாய் சைக்கிளை இழுத்துக்கொண்டு போனது. ஆறு மணி ஆயிற்று, ஆறேகால் ஆயிற்று, வரவில்லை. பெரியநாயகி பொறுக்க மாட்டாமல் வாக்கரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கேட் வரை போனார், கேட்டைத் திறந்தார், ரோட்டுக்கே போய்விட்டார். டாக்டர் எழுதியிருந்தது கேட் வரைதான். நான் தடுக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.